அழுகை போய் விழுந்த வீடு

பாவடித் தெருவில் காக்கை கரைந்து யாரும் கேட்டதில்லை. மதில்மேல் உட்கார்ந்து அது வாயைத் திறந்து மூடுவதைப் பார்த்துத்தான், ஓகோ, கரைகிறது, ஒறம்பரை வரும் போலிருக்கிறது என்று உலையில் கூட ஒரு பிடி அரிசி போடுவார்கள். வீட்டுக்கு வீடு முன்னால் தறிக்கூடம், கூடத்துக்குள் நாலோ எட்டோ விசைத்தறி, ஒவ்வொரு தறியிலும் நாடா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பாய்ந்து பாய்ந்து அடிக்கிற அடியில் சுவர் அதிரும், சுவரில் மாட்டிய சாமிப் படம் அதிரும், டம்ளரில் ஊற்றிய டீயில் வட்டம் வட்டமாய் அலை எழும். அங்கே பிறந்த பிள்ளைகள் பேசக் கற்பதற்கு முன்னால் வாயைப் படிக்கக் கற்றுக்கொண்டன. காதல் சொன்னதும் கையால்தான், சண்டை போட்டதும் கையால்தான். எதிரெதிர்க் கூடத்தில் நின்று இரண்டு பேர் ஒருவரையொருவர் பாட்டன் முப்பாட்டன் வரை இழுத்துத் திட்டிக்கொண்டாலும், கண்ணை மூடிக்கொண்டு போகிறவனுக்கு அந்தத் தெருவில் தறியைத் தவிர வேறொன்றும் நடக்கவில்லை.

அப்பேர்ப்பட்ட தெருவில் செங்கோட்டுவேலுக்கும் தமயந்திக்கும் கல்யாணமாகி நாள்பட்டு ஒரு பெண் பிள்ளை பிறந்தது. தாரகை என்று பேர் வைத்தார்கள், பாப்பா என்று கூப்பிட்டார்கள். அந்தப் பிள்ளையின் அழுகை அதன் வாயிலிருந்து வரவில்லை என்பது ரொம்ப நாளைக்கு ஒருவருக்கும் தெரியாது. பிரசவ வார்டில் வரிசையாய் அத்தனை பிள்ளைகள் வீல் வீலென்று கத்துகையில் எந்தச் சத்தம் எந்தத் தொண்டையுடையது என்று யார் பார்த்தார்கள்? வீட்டுக்கு வந்த பிறகோ தறி. பிள்ளை வாயைப் பிளந்தால் அழுகிறது, மார்பில் போட்டால் மூடிக்கொள்கிறது, அவ்வளவுதானே கணக்கு. வேறு ஊர்த் தாய் என்றால் முதல் நாளே நெஞ்சில் அடித்துக்கொண்டிருப்பாள். தமயந்தி பாவாடை கட்டிய வயசிலிருந்தே தறிக்கூடத்தில் நின்றவள். அவளுக்கு அழுகை என்பது ஒரு வாயின் வடிவம்.

அப்புறம் ஒருநாள் கம்பி மாற்றுவதற்காகக் கரண்ட்டை நிறுத்தினார்கள். தெரு பொட்டென்று அடங்கியது. தமயந்தி வீட்டுக்குள் வந்து பார்த்தால், தொட்டிலில் பிள்ளை வாய் கிழிய, கைகால் உதற, நெற்றி நரம்பு புடைக்க அழுகிறது. சத்தம் இல்லை. காற்றடைத்த பந்தைப் போல அந்த மௌனம் அறைக்குள் உப்பிக்கொண்டே போயிற்று. பிள்ளையைத் தொடப் பயம், தொடாமல் இருக்கவும் பயம். அந்நேரம் பக்கத்து வீட்டுக் கமலவேணி, இட்லிக் கடை போட்டிருப்பவள், இட்லிக் குண்டாவைத் துணி வைத்துப் பிடித்துத் தூக்கிக்கொண்டு வேகுவேகென்று வந்தாள்.

"ஏ தமயந்தி, உம்மவ எங்கூட்டுக் குண்டாவுக்குள்ள அழுவுறா. சித்தெ பசியாத்து சாமி, மாவு ஊத்தோணும், கடைக்கு ஆளு வந்து நிக்குது."

தமயந்தி குண்டாவின் மூடியில் காதை வைத்தாள். உள்ளே, எங்கேயோ ஆழத்தில், ஒற்றை நூலிழை மாதிரி ஒரு அழுகை. பிள்ளையை எடுத்து மார்பில் போட்டாள். நூல் அறுந்தது. கமலவேணி மூடியைத் திறந்து பார்த்து, தண்ணீர் அப்படியே இருக்கிறது என்று திருப்தியாகி, குண்டாவைத் தூக்கிக்கொண்டு போய் அடுப்பில் ஏற்றினாள். அன்றைக்கு இட்லி நன்றாகவே வந்தது என்றும் சாயங்காலம் சொன்னாள்.

இதைக் கேட்டுத் தெரு வாயைப் பிளந்ததா என்றால், இல்லை. யோசித்துப் பார்த்துவிட்டு, ஆமாமா, அன்னைக்கு எங்கூட்டுப் பீரோவுக்குள்ள என்னமோ சத்தம் வந்துச்சு, எலின்னு நெனச்சு மருந்து வெச்சேன் என்றார் டெய்லர் சீராளன். கோயில் உண்டியலுக்குள்ளே யாரோ விசும்புகிறார்கள் என்று தான் இரண்டு தரம் கற்பூரம் காட்டியதாக மாரியம்மன் கோயில் பூசாரி சொன்னார். ஆத்தாதான் அழுகிறாள், ஊருக்கு ஏதோ கேடு என்று பயந்து கிடந்தாராம், செங்கோட்டுவேல் மகள்தானா, நல்லவேளை என்று மூச்சு விட்டார். மூடியிருக்கிற எதற்குள்ளும் அந்த அழுகை போய் விழும். தூக்குப்போசிக்குள், காலி சிலிண்டருக்குள், மாட்டி வைத்த ஹெல்மெட்டுக்குக் கீழே, பள்ளிக்கூடத்துப் பிள்ளையின் ஜாமெட்ரி பாக்ஸுக்குள். இன்ன வீடு என்று கிடையாது. இன்ன நேரம் என்று கிடையாது. பிள்ளை இங்கே வாயைத் திறக்கும், சத்தம் அங்கே கேட்கும்.

தெரு அதற்கு ஏற்றாற்போல் தன்னை மாற்றிக்கொண்டது. யார் வீட்டில் அழுகை விழுகிறதோ அவர்கள் செங்கோட்டுவேலின் கூடத்து வாசலில் வந்து நின்று, இரண்டு கையையும் கோர்த்து ஆட்டிக் காட்டவேண்டும். அதைப் பார்த்தால் தமயந்தி தறியை நிறுத்திவிட்டு ஓடுவாள். ஊருக்குப் போகிறவர்கள் அவளிடம் சாவியைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். உண்டியலைத் திறக்க அதிகாரி வரவேண்டும் என்பதால், அதற்குள் அழுகை விழுந்தால் திறந்து பார்க்க வழியில்லாமல் பூசாரி தெரு முழுக்க ஓடிவந்து மூச்சு வாங்கிக்கொண்டு கையை ஆட்டினார். "உம்மவ இன்னைக்கு எம்பட அடுக்குப் போசியில அழுதா, சாம்பாருல உப்பே கரிச்சுப்போச்சு போ" என்று கமலவேணி கேலி பேசுவாள். பெண் பார்க்க வந்த இடத்தில் பலகாரத் தட்டை மூடிவைத்த தட்டுக்குள்ளிருந்து அழுகை கிளம்ப, மாப்பிள்ளை வீட்டார் நல்ல சகுனம் என்று அங்கேயே பூ வைத்துவிட்டுப் போனதும் உண்டு. யாருக்கும் இதில் சங்கடம் இல்லை.

தமயந்திக்கு மட்டும் சோறு இறங்கவில்லை.

ஏனென்றால் ஒரு மத்தியானம் யாரும் வந்து கையை ஆட்டவில்லை. நூல் கொடுத்த சேட்டுக்குப் பாவை நெய்து முடித்துக் கொடுக்கவேண்டிய அவசரம், அவளும் நிமிரவில்லை. உணவு வேளைக்கு உள்ளே வந்தவள் தொட்டில் துணியை விலக்கினாள். பிள்ளையின் கன்னம் இரண்டிலும் கண்ணீர் காய்ந்து உப்புக் கோடாய் நின்றது. கண் இரண்டும் வீங்கி மூடிக் கிடந்தது. தூக்கத்திலேயே நெஞ்சு விக்கி விக்கித் தூக்கிப் போட்டது. எவ்வளவு நேரம் அழுதிருந்தால் இப்படி அடங்கும்? அந்த அழுகை எங்கே போய் விழுந்தது? எந்தச் சட்டிக்குள், எந்தப் பெட்டிக்குள் கேட்பாரில்லாமல் கத்திக் கத்தி ஓய்ந்தது?

தெருவில் வீடு வீடாய் ஏறி இறங்கிக் கேட்டாள். எங்கூட்டுல இல்லியே கண்ணு, எங்கூட்டுல இல்லியே சாமி. எல்லாரும் உண்மையைத்தான் சொன்னார்கள், முகத்தைப் பார்த்தால் தெரியாதா. பிறகும் அப்படி நடந்தது. அதற்குப் பிறகும் நடந்தது. மற்ற அழுகையெல்லாம் தெருவில் சிரிப்பாய்த் திரும்பி வந்தது, இந்த அழுகைகள் மட்டும் திரும்பியே வரவில்லை. அதிலும் நெடுநேரம் அழுத அழுகைகள்தான் அப்படித் தொலைந்தன. பூட்டிக் கிடந்த வீடுகளைத் திறந்து உட்கார்ந்து பார்த்தாள். மூடி போட்ட பழங்கிணற்றின் பலகையைச் செங்கோட்டுவேல் கடப்பாறை போட்டு நெம்பினான். மேல்நிலைத் தொட்டியில் ஏறிப் பார்த்தார்கள். இந்தத் தெருவில் ஏதோ ஒரு வாய் இருக்கிறது, அது என் பிள்ளையின் அழுகையை விழுங்கிக்கொண்டு சத்தம் காட்டாமல் உட்கார்ந்திருக்கிறது என்று தமயந்திக்குத் தோன்ற ஆரம்பித்தது. மூடிய எதைப் பார்த்தாலும் திறந்து பார்த்தாள். தண்ணீர்க் குடத்தின் மூடியைக்கூட அவள் தன் வீட்டில் எடுத்து வைத்துவிட்டாள்.

தறிக்கு வராமல் பிள்ளையோடே கிட என்று சொல்ல செங்கோட்டுவேலுக்கு ஆசைதான். நாலு தறியை ஒற்றை ஆள் ஓட்டினால் ஒரு தறியில் நூல் அறுந்து இன்னொன்றில் ஓட்டை விழுந்து, நெய்கிற துணி சல்லடையாகிவிடும். யோசித்து யோசித்து அவன்தான் சொன்னான்.

"ஈரோட்டுல கொழந்த சாமான் விக்கற கடையில ஒரு மிஷினு இருக்குதாமா. கொழந்த அழுதா நம்ம கையில சொல்லுமாமா. வயரு கியிரு ஒண்ணும் கெடையாது."

"எங்க அழுதா சொல்லும்?" என்று கேட்டாள் தமயந்தி. அடுத்த நாளே பஸ் ஏறினார்கள்.

கடையில் ஜெனிஃபர் என்று ஒரு பெண், கழுத்தில் அட்டை தொங்க, மூன்று பொட்டிகளை வரிசையாய் எடுத்து வைத்தாள். குளிர்சாதனம் ஓடுகிற கடை, எல்லாரும் மெதுவாய்ப் பேசுகிற இடம். செங்கோட்டுவேலும் தமயந்தியும் அவள் வாயையே உற்றுப் பார்க்க, அந்தப் பெண்ணுக்குக் கொஞ்சம் கூச்சமாகிவிட்டது. புறங்கையால் உதட்டைத் துடைத்துக்கொண்டாள்.

"இது கேமரா மாடல்க்கா. பாப்பா மேல மாட்டிட்டா இந்த டிவில தெளிவாத் தெரியும். இருட்டுலகூடத் தெரியும்."

"இதுவே போதும்" என்றான் செங்கோட்டுவேல். "வாயப் பாத்தாப் போவுது. சத்தம் எங்க போயி விழுந்தா நமக்கென்ன?"

"தொட்டில்ல போட்டா வாய் எங்கீங்க தெரியும்? எம்பட பழைய சீலைதான் தெரியும்" என்றாள் தமயந்தி. "மூட்ட கட்டித் தொங்கவுட்ட மாதிரி ஆடறதப் பாத்துட்டு இருக்கறதா?"

"கட்டில்ல போடுங்கக்கா" என்றாள் ஜெனிஃபர்.

"எம்மவ கட்டில்ல படுக்கமாட்டா கண்ணு. முதுகு தட்டையாப் பட்டா முழிச்சுக்குவா."

கேமரா ஒதுங்கியது. அடுத்தது சத்தம் கேட்கிற பொட்டி. பிள்ளைக்குப் பக்கத்தில் ஒன்று, தாயின் கையில் ஒன்று. ஜெனிஃபர் ஒன்றை அலமாரிக்குப் பின்னால் வைத்துக் கை தட்ட, மற்றது இவர்கள் முன்னால் சடசடத்தது. சத்தத்தை முழுசாக ஏற்றிக் காட்டினாள். பக்கத்தில் தொட்டில் பார்த்துக்கொண்டிருந்த ஒரு அம்மா திடுக்கிட்டுத் திரும்பினாள்.

"இவ்வளவுதானா?" என்றான் செங்கோட்டுவேல். "எங்க கூடத்துல இத வெச்சா பக்கத்துல குண்டு வெடிச்சாலும் தெரியாதுங்."

"அப்ப இத எடுங்கண்ணா. சத்தத்துக்குத் தக்கன லைட்டு ஏறும், பச்சை, மஞ்சள், சிவப்பு. கூடவே வைப்ரேட் ஆகும். இடுப்புல மாட்டிக்கலாம். ஃபேன் மாதிரி, மோட்டார் மாதிரி ஒரே சீரா ஓடற சத்தத்த இது கண்டுக்காது. புதுசா ஒரு சத்தம் ஏறுனாத்தான் உதறும்."

தமயந்தி அதைக் கையில் வாங்கிப் பார்த்தாள். சோப்புக் கட்டி அளவுதான் இருந்தது. கடைசியில் அவள் நெஞ்சை அரித்துக்கொண்டிருந்ததைக் கேட்டேவிட்டாள்.

"கொழந்த ஒரு வூட்டுல இருக்குது, அழுவாச்சி வேற வூட்டுல கேக்குதுன்னா?"

ஜெனிஃபர் முகத்தில் ஒரு சுருக்கமும் விழவில்லை. நாள் முழுக்கத் தாய்மார்களின் பயத்தைக் கேட்கிறவள் அவள்.

"மைக்க அழுகை இருக்கற வூட்டுல வைங்கக்கா. அவ்வளவுதான? முந்நூறு மீட்டர் எடுக்கும். நடுவுல என்ன இருக்கு?"

"செவுரு. தறி. ஒரு மாரியம்மன் கோயில்."

"கோயில் கல் கட்டடமா? அப்ப கொஞ்சம் கம்மியா எடுக்கும்."

மூன்றையும் அடுக்கிப் பார்த்து, எதையெதையோ மனசுக்குள் கூட்டிக் கழித்து, உதறுகிற பொட்டியையே தமயந்தி தேர்ந்தாள். பஸ்ஸில் அட்டைப் பெட்டியை மடியில் வைத்து, மடியில் பிள்ளை இருப்பதுபோலவே இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு வந்தாள்.

தெருவில் அதற்கு ஒரு மணி நேரத்துக்குள் பேர் விழுந்துவிட்டது. மைக் இருப்பது பிள்ளைப் பொட்டி, உதறுவது ஆத்தாப் பொட்டி. பிள்ளைப் பொட்டியை எங்கே வைப்பது என்பதுதான் பெரிய வழக்கு. எங்கூட்டுல வை, எங்கூட்டுல வை என்று ஆளாளுக்குக் கூப்பிட்டார்கள். கமலவேணி அதற்கென்று அலமாரியில் ஒரு தட்டைத் துடைத்தே வைத்துவிட்டாள். அழுதால் ஓடிவந்து சொல்கிற வீடுகளில் அது எதற்கு என்று தமயந்தி அதைப் பூட்டிய வீடுகளுக்குள் கொண்டுபோய் வைத்தாள். பழைய நூல் குடோனில் வைத்தாள். கிணற்றுக்குள் கயிறு கட்டி இறக்கினாள். இடுப்பில் ஆத்தாப் பொட்டி செத்த பல்லியைப் போல ஒட்டிக்கொண்டு கிடந்தது. தறி ஓட்டும்போதெல்லாம் ஒரு கை தானாக அங்கே போய் அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தது. உதறவில்லை என்றால் பிள்ளை அழவில்லை என்று அர்த்தமா, வேறெங்கோ அழுகிறது என்று அர்த்தமா? பொட்டி இல்லாத நேரத்தில் தனக்கு இருந்த பயம் ஒன்றுதான், இப்போது பொட்டிக்குள்ளும் ஒரு பயத்தைக் காசு கொடுத்து வாங்கி வைத்திருக்கிறோம் என்று நினைத்தாள். உள்ளே போய்ப் பார்த்தால் மறுபடியும் உப்புக் கோடு.

இப்படியிருக்கையில், குழாயடியில் ராசாமணி அவளைப் பிடித்துக்கொண்டாள்.

ராசாமணி தெருவின் எதிர்ச் சாரியில் தனியாய் இருப்பவள். பத்து வயசில் தறிக்கு வந்து, முதுகு வளைகிற வரைக்கும் நின்று, இப்போது வீட்டோடு உட்கார்ந்து நாடாவுக்கு நூல்தார் சுற்றிக் கொடுக்கிறாள். தெருவுக்கு அவள்மேல் ஒரு வருத்தம் உண்டு. எதிரே நின்று பேசினால் தேனாய்ப் பேசுவாள், பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்பமாட்டாள். என்ன திமிர் பாரு, ராணியாட்டம் போறா என்று பெண்கள் முணுமுணுப்பார்கள். அன்றைக்கு அவளே வலிய வந்தாள்.

"ஏனுங்கம்மிணி, உம்மவளுக்கு எம்பட வூடு மட்டும் ஆவாதா? உண்டியலுக்குள்ள போயி அழுவுறா, டெய்லருகிட்டப் போயி அழுவுறா. நானும் நாலு போசி வெச்சிருக்கறன், மூடித்தான் வெச்சிருக்கறன். பொழுதுக்கும் உக்காந்து காத்துட்டுக் கெடக்கறன். ஒருநாளாச்சும் வரலியே."

"அவ சின்னப் புள்ளைங்க்கா, அவளா பாத்துப் போறா?"

"பொட்டியக்கூட கெணத்துக்குள்ள எறக்குன. எங்கூட்டுல வெக்கத் தோணல பாரு." ராசாமணியின் கண் கலங்கிவிட்டது. "வாரிசு இல்லாதவ வூடுன்னுதான்?"

"அய்யோ, அப்படியெல்லாம் இல்லீங்க்கா." "நீங்க எப்பவும் வூட்டோட இருக்கறீங்க, வந்தா நீங்களே சொல்லிருவீங்கன்னுதான்."

மனசு நோகவேண்டாம் என்று, அதற்காக மட்டும்தான், அன்று காலையிலேயே பிள்ளைப் பொட்டியைக் கொண்டுபோய் ராசாமணியின் சமையலறையில், அரிசி டின்னுக்கும் பருப்பு டப்பாவுக்கும் நடுவில் வைத்தாள். ராசாமணி அதற்கு ஒரு பொட்டு வைத்து, பக்கத்திலேயே மணையைப் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

தமயந்தி தொட்டிலில் பிள்ளையைப் போட்டு, ஆட்டி, தூங்க வைத்து, கூடத்துக்கு வந்து தறியைத் தட்டினாள். கொஞ்ச நேரம்கூட ஆகியிருக்காது. இடுப்பில் ஏதோ ஓடியது. பூரான் என்று நினைத்துத் தட்டிவிடப் போனாள். பூரான் இல்லை. ஆத்தாப் பொட்டி துடித்துக்கொண்டிருந்தது. பச்சை தாண்டி, மஞ்சள் தாண்டி, சிவப்பு முழுசும் எரிந்தது.

அவள் ஓடினாள். ஓடுகிற ஓட்டத்தைப் பார்த்த செங்கோட்டுவேல் சுவரிலிருந்த சுவிட்சை இழுத்து நாலு தறியையும் நிறுத்தினான்.

தொட்டிலின் ஒரு பக்கத்து முடிச்சு நழுவியிருந்தது. சேலை ஒருபக்கமாய்ச் சரிந்து முறுக்கிக்கொண்டு, பிள்ளையின் ஒற்றைக் கால் வெளியே தொங்கியது. முகம் துணி மடிப்புக்குள் அமுங்கியிருந்தது. அந்தக் காலின் நிறம் மாறியிருந்தது. தமயந்தி வாயால் கடித்துத்தான் முறுக்கைப் பிரித்தாள். துணி விலகியதும் பிள்ளை கிணற்றிலிருந்து மேலே வந்ததுபோல மூச்சை இழுத்தது. இழுத்து, வாயைத் திறந்தது. சத்தம் இல்லை. இடுப்பில் பொட்டி இன்னும் பலமாய் உதறியது.

பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு அவள் தெருவில் இறங்கினாள். பயம் அந்த இடத்தில் கோபமாய்த் திரும்பியது. ராசாமணி வீட்டில்தானே பொட்டி இருக்கிறது, ராசாமணி பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள் அல்லவா? சிவப்பு எரிகிற அளவுக்குக் கத்தியிருக்கிறது என் பிள்ளை, எழுந்து வந்து கையை ஆட்ட என்ன கேடு? பிள்ளை இல்லாதவளின் வயிற்றெரிச்சலா? தமயந்தி போகிற கோலத்தைப் பார்த்து எதிர்க் கூடத்துக்காரன் தறியை நிறுத்தினான். அவன் நிறுத்தியதைப் பார்த்து அடுத்தவன். கூடம் கூடமாய் விளக்கணைத்ததுபோல் சத்தம் அடங்கிக்கொண்டே வந்தது. அவள் ராசாமணியின் வாசலை மிதித்தபோது பாவடித் தெரு முழுசும் நின்றுபோயிருந்தது.

ராசாமணி மணையில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். நிழல் விழுந்ததும் நிமிர்ந்து, முகமெல்லாம் மலர்ந்தாள்.

"வாம்மிணி. நீ வெச்சுட்டுப் போனதுல இருந்து நகரவே இல்ல. இன்னும் வரலியே உம்மவ. வந்தா ஓடியாந்து சொல்லமாட்டேனா?"

அவள் முழங்காலுக்கு அருகில் அரிசி டின் அழுதுகொண்டிருந்தது.

தமயந்தி குனிந்து, ராசாமணியின் கையைப் பிடித்து, பூண்டுத் தோல் ஒட்டிய அந்த உள்ளங்கையை டின்னின் மூடியில் வைத்தாள்.

ராசாமணி முதலில் சிரித்தாள். அப்புறம் சிரிப்பு நின்றது. கையை எடுத்துப் பார்த்தாள், மறுபடி வைத்தாள். "அதிருதே" என்றாள். "நாளுக்கும் அதிரும். தறிக்கு அதிருதுன்னு நெனச்சேன்." வாசலுக்கு அப்பால் பார்த்தாள். எதிர்க் கூடத்தில் நின்றுபோன தறிகளைப் பார்த்தாள். பிறகு தமயந்தியின் வாயைப் பார்த்தாள். "அப்ப, தறி நின்னுருச்சா?" என்று கேட்டாள். தறி நின்றது அவளுக்குத் தெரியவில்லை. எத்தனையோ வருஷமாய்த் தெரியவில்லை. எல்லாரும் வாயைப் பார்த்தே பேசுகிற தெருவில் காது போனது அவளுக்கும் தெரியவில்லை, வேறு ஒருவருக்கும் தெரியவில்லை.

"அழுவுறாளா? எங்கூட்டுலயா? எத்தன நாளா அழுவுறா?" அவள் டின்னை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "ஓ ஓ ஓ, எஞ்சாமி, அழுவாத எஞ்சாமி, கெழவி இருந்தும் இல்லாமப் போயிட்டனே" என்று தகரத்தைத் தட்டிக்கொடுத்தாள்.

தமயந்தியின் கோபம் அப்படியே வடிந்துபோயிற்று. தோளில் முகத்தைப் புதைத்துக் கிடந்த பிள்ளையின் முதுகைத் தடவினாள். கண்டுபிடித்தாயிற்று, இந்த வீடுதான், இனிமேல் பயமில்லை என்று சொல்லிக்கொள்ளப் பார்த்தாள். அப்போதுதான் வாசலில் கமலவேணி வந்து நின்றாள். அவளுக்குப் பின்னால் டெய்லர் சீராளன், பூசாரி. மூன்று பேரும் முகத்தைச் சுளித்துக்கொண்டு, காதில் விரலை அடைத்திருந்தார்கள்.

"என்னக்கா?" என்றாள் தமயந்தி.

"என்னக்காவா? காது கிழியுதுடி! தெருக்கோடி வரைக்கும் கேக்குது. புள்ளைய அமத்து மொதல்ல!"

தமயந்தி டின்னைப் பார்த்தாள். நூலிழை. அவளுக்குக் கேட்டது ஒரு நூலிழைதான், அன்றைக்கு இட்லிக் குண்டாவில் கேட்ட அதே மெல்லிய இழை. தெரு முழுசும் ஒரு தறியும் ஓடாத நேரத்தில், கைக்கெட்டுகிற தூரத்தில், தன் பிள்ளை தொண்டை கிழியக் கதறுவது அவளுக்கு அடுத்த ஊரில் ஓடுகிற பம்புசெட் மாதிரி இருந்தது.

அவள் மெள்ளத் தலையைத் திருப்பினாள். கூடங்களை நிறுத்திவிட்டு வந்த தறிக்காரர்கள் எல்லாம் தெருவில் கூடியிருந்தார்கள். ஒருவன்கூடக் காதைப் பொத்தவில்லை. என்ன நடக்கிறதென்று ஒருவர் வாயை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். செங்கோட்டுவேல் கமலவேணியின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தான். இத்தனை நாளும் வாசலில் வந்து கையை ஆட்டியவர்கள் யார் யார் என்று அவளுக்கு ஒவ்வொரு முகமாய் வந்தது. இட்லிக் கடைக்காரி. டெய்லர். பூசாரி. பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள். தறியில் நின்ற ஒருவர்கூட ஒருநாளும் வந்ததில்லை. அழுகையை விழுங்கியது ஒரு வீடு இல்லை. எத்தனை வீடோ. அதில் முதல் வீடு அவளுடையதுதான்.

ராசாமணிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். அவள் மடியிலிருந்த டின்னின்மேல், அவள் கைக்குப் பக்கத்தில் தன் கையையும் வைத்தாள். தகரம் அதிர்ந்தது.

"நிறுத்திட்டாளா?" என்று கொஞ்ச நேரம் கழித்து ராசாமணி கேட்டாள்.

தோளில் கிடந்த பிள்ளையின் வாய் தமயந்திக்குத் தெரியவில்லை. இல்லை என்று தலையாட்டினாள். உள்ளங்கைக்குக் கீழே அந்த நடுக்கம் இன்னும் இருந்தது, நிற்கிறாற்போல் இல்லை. இன்னும் அழுத்தி வைத்துக்கொண்டு, நிமிர்ந்து வாசலைப் பார்த்தாள். கமலவேணி எப்போதோ காதிலிருந்து விரலை எடுத்துவிட்டு, பூசாரியோடு ஏதோ சாதாரணமாய்ப் பேசிக்கொண்டிருந்தாள். அழுகை நின்று நேரமாகியிருந்தது, தகரத்தின்மேல் நடுங்கியது அவர்கள் கைகள்தான்.